ஈரத்தோடு சுருட்டாதே: பந்தல் தொழிலுக்கு வரும் தம்பிக்கு

பெரம்பலூர், அரியலூர் பக்கம் சாமியானா, பந்தல் வாடகைக் கடை தொடங்க வரும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். இரும்புக் கம்பி வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். நாற்காலி உடைந்தால் எடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். துணியில் பூசணம் பூத்தால் போட்ட முதல் கண் முன்னே கரையும். எதனால் கரைந்தது என்பதுகூடப் பல பேருக்குப் பிடிபடுவதில்லை. துணி மட்டம், சாயம் மட்டம் என்று விற்றவர் மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் துணி நல்ல துணியாகத்தான் இருக்கும். பந்தலைப் பிரித்த ராத்திரி அது ஈரத்தோடு சுருட்டப்பட்டிருக்கும். அந்த ஒரு ராத்திரியைச் சரியாகக் கடந்துவிட்டால் கீழே உள்ள பாதி எண்கள் உனக்குத் தேவைப்படாது.

1. நம்முடையது வறண்ட மாவட்டம், இங்கே பூசணம் எங்கே வரப்போகிறது என்று நினைக்காதே. மானாவாரி மண்தான், சோளமும் பருத்தியும் விளைகிற மண்தான். ஆனால் மழையும் முகூர்த்தமும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஆவணியில் கல்யாணம் களைகட்டும்போது சாயங்கால இடிமழை வரும். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் விழுகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் நூறு மூட்டை அரிசி வடித்து அன்னாபிஷேகம் செய்வது ஐப்பசிப் பௌர்ணமியில்தான். அந்தப் பக்கம் பந்தல் போடுகிறவன் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் கால் ஊன்றுவான். பங்குனியில் திருமழபாடி நந்தி திருக்கல்யாணம், கல்லங்குறிச்சி ராமநவமித் தேர் என்றால் கவலை குறைவு. வெயிலே துணியைக் காயவைத்துவிடும். மழையே பெய்யாத தை மாதத்தில் ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். பச்சைமலை அடிவாரத்திலும் கொள்ளிடக் கரையிலும் விடியற்காலைப் பனி துணியை நனைத்துவிடும். மழை நனைத்தது கண்ணுக்குத் தெரியும். பனி நனைத்ததைக் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

2. பூசணம் அழுக்கு இல்லை, உயிர். அதன் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. உன் கடையிலும் இருக்கின்றன, நட்சத்திர ஓட்டலிலும் இருக்கின்றன. அவற்றை ஒழிக்க யாராலும் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி, வெதுவெதுப்பும் சேர்ந்து, உட்கார ஓர் இடமும் தின்ன ஏதாவதும் கிடைத்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வேர்விடும். பருத்தித் துணி என்றால் துணியே அதற்குச் சாப்பாடு. பருத்தி இழை கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ், அதைச் சர்க்கரையாக உடைத்துத் தின்னும் திறமை இந்தப் பூஞ்சைகளுக்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் கடலில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகள் மழையிலும் புழுக்கத்திலும் மக்கிப்போயின. காரணத்தைத் தேடியபோது அகப்பட்ட பூஞ்சைகளில் ஒன்று டிரைக்கோடெர்மா வகையைச் சேர்ந்தது. அதன் வழிவந்த வகைகளை வைத்துத்தான் இன்றைக்கு உலகம் செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைப் பெரும்பாலும் தொழிற்சாலையில் தயாரிக்கிறது. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடும் விவசாயி, அழுகல் நோய் வராமலிருக்கத் தொழுவுரத்தில் கலந்து போடுகிறாரே டிரைக்கோடெர்மா விரிடி, அது இதன் ஒன்றுவிட்ட பங்காளி. வயலில் அது நண்பன். உன் சாமியானாவில் ஏறினால் இழையையே தின்றுவிடும். ஆகையால் கரும்புள்ளியைப் பார்த்தால் 'கறை பட்டுவிட்டது' என்று எடுத்துக்கொள்ளாதே. துணி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்படுகிறது என்று எடுத்துக்கொள்.

3. பிரிக்கும் ராத்திரிதான் முக்கியம். கல்யாணம் முடிந்து, பெண்ணை அனுப்பி, பந்தி முடிந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு பதினோரு மணிக்கு நீ பிரிக்கத் தொடங்குவாய். பையன்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். குட்டியானை வண்டிக்காரர் நேரமாகிறது என்பார். அப்போதுதான் 18-க்கு 36 அடி மேல்துணியை நனைந்தபடியே நாலாக மடித்து, உருட்டி, மேலே ஜமுக்காளத்தையும் போட்டு, அதன் மேல் நாற்காலிகளை அடுக்குவார்கள். மறுநாள் எல்லாரும் தூங்குவார்கள். அதற்கு மறுநாள் வேறு வேலை வரும். 48 மணி நேரம் போய்விட்டது.

இதை மாற்ற நாலு பழக்கம் சொல்கிறேன். ஒன்று, நனைந்த துணியையும் நனையாத துணியையும் வண்டியில் ஒன்றாகப் போடாதே. நனைந்ததைக் கடைசியில் ஏற்று, அப்போதுதான் முதலில் இறங்கும். இரண்டு, மடிக்காதே. தளர்வாகக் குவித்துக் கொண்டுவா, உள்ளே காற்று புகட்டும். மூன்று, எத்தனை மணியானாலும் கடைக்கு வந்ததும் கொடியில் விரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று சட்டம் போடு. இந்த வேலைக்குப் பையன்களுக்குத் தனிக் கூலி கொடு. தூக்கத்தை விட்டு நிற்கிறவர்களிடம் இலவசமாக வேலை வாங்கினால் துணியும் கெடும், உறவும் கெடும். நான்கு, வாடகை பேசும்போதே மழைக்காலத்தில் ஒரு நாள் உலர்த்தும் நேரத்தைக் கணக்கில் சேர். தொடர்ந்து மூன்று முகூர்த்தத்துக்கு ஒரே துணியை ஒப்புக்கொள்கிறவன் மூன்றாவது வீட்டுக்கு நாற்றம் பிடித்த துணியைத்தான் கொண்டுபோவான்.

உலர்ந்ததா என்று நடுத்துணியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதே. ஓரத் தையல், நாடா கட்டிய மூலை, குஞ்சம், நூல்கயிறு நுழையும் கண், இரண்டு துணி சேரும் மூட்டு, இவையெல்லாம் கடைசியாகத்தான் காயும். அங்கே விரலால் கிள்ளிப் பார். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

4. சாப்பாட்டுக் கறையை அன்றைக்கே எடு. சாம்பார், பாயசம், சந்தனம், மாலையிலிருந்து விழுந்த பூவின் சாறு எல்லாம் பூசணத்துக்கு விருந்து. பாலியஸ்டர் துணியில் பூசணம் வராது என்பார்கள். பாலியஸ்டர் இழையை அது தின்னாது, உண்மைதான். அந்த இழையில் ஒட்டிய பாயசத்தைத் தின்னும். பந்தி நடந்த பக்கத்துணியின் அடிப்பகுதியில் முதலில் புள்ளி விழுவது இதனால்தான். பருத்தி விதானத்துக்கு மொடமொடப்பு வேண்டும் என்று கஞ்சி போட்டிருந்தால், விசேஷம் முடிந்து குடோனில் வைக்குமுன் கஞ்சியை அலசிவிடு.

5. மக்காச்சோளம் காயவைக்கவும், மழைக்குக் குவியலை மூடவும் சாமியானா கேட்டு வருவார்கள். கேட்கிறவர் உன் சொந்தக்காரராகவே இருப்பார். அதற்கென்று தனித் தார்ப்பாய் வைத்துக்கொண்டு அதைக் கொடு. சோள மாவு படிந்த சாமியானா மழைக்காலம் தாங்காது. பூசணம் பிடித்த துணியைத் தானியத்தின் மேல் போடுவது அதைவிடப் பெரிய தப்பு.

6. பூசணம் வந்துவிட்டது, எப்படி எடுப்பது? முதலில் தண்ணீர் ஊற்றாதே. எல்லாரும் செய்யும் தவறு இது. ஈரத் துணியைத் தேய்த்தால் வித்துகள் இழைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். துணியை வெளியே, காற்று அடிக்கும் திசை பார்த்து, வெயிலில் விரி. நன்றாகக் காயட்டும். காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் துடைத்துத் தள்ளு. மூக்கையும் வாயையும் மூடிக்கொள். பறக்கும் தூசி முழுக்க வித்து. இழுப்பு, ஆஸ்துமா உள்ள பையனை இந்த வேலைக்கு விடாதே. குடோனுக்குள் வைத்து இதைச் செய்தால் நல்ல துணிக்கும் நீயே விதைத்த மாதிரி ஆகும்.

பிறகு துவைப்பு. இங்கே நம் மண்ணின் சங்கதி ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புக்கல் பூமி இது. அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்ததே அதனால்தான். ஆழ்குழாய்த் தண்ணீரிலும் அந்தச் சுண்ணாம்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் சோப்புக் கட்டி நுரைக்காது. திரிந்து, பிசுக்காகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுக்கு மறுபடியும் அழுக்கைப் பிடிக்கும், பூசணத்துக்குத் தீனியாகும். துவைக்கத் துவைக்கத் துணி மங்குகிறது என்று சொல்கிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பதில்லை. சோப்புக்குப் பதில் டிடர்ஜென்ட் தூள் போடு. கடைசி அலசலுக்காவது மழைநீரோ ஏரித் தண்ணீரோ கிடைக்குமா பார்.

சிமெண்ட் லாரி ஓடும் சாலையோரம் போட்ட பந்தல் என்றால், துணியை நனைக்குமுன் தூசியை உதறியே ஆகவேண்டும். சிமெண்ட் தூசி ஈரம் பட்டால் நெசவுக்குள் இறுகிவிடும். அப்புறம் பிரஷ் போட்டால் இழை அறும்.

7. வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் போதும். கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்து எடு. அடி மண்டியோடு ஊற்றினால் அது விழுந்த இடமெல்லாம் துணி வெந்துபோகும். 15 நிமிடத்துக்கு மேல் ஊறப்போடாதே. குளோரின் பூசணத்தை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்வதில்லை, பருத்தி இழையையும் அரிக்கிறது. மூன்று தண்ணீர் அலசு. அதற்குப் பிறகும் குளோரின் வாடை வந்தால், பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்பார்களே, அந்த உப்பை ஒரு கரண்டி கரைத்து அதில் முக்கி எடுத்து மறுபடி அலசு. மிச்சமிருக்கும் குளோரினை அது அடக்கிவிடும். இதைச் செய்யாமல் மடித்துவைத்தால் அடுத்த சீசனில் மடிப்பு வரியிலேயே துணி கிழியும்.

திறந்து பல மாதமான பிளீச்சிங் பவுடரில் வீரியம் இருக்காது. வேலை செய்யவில்லையே என்று இரண்டு பங்கு போடுவதைவிடப் புதிதாக ஒரு பொட்டலம் வாங்கு.

8. சாயத் துணிக்குக் குளோரின் ஆகாது. சிவப்பும் மஞ்சளுமாகத் தைத்த மேல்துணி ஒரே நாளில் வெளிறும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதமாக இருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துப் புள்ளி விழுந்த இடத்தில் மட்டும் தடவு, பத்து நிமிடம் விடு, அலசு. வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தும் செய்யலாம், வாடை போக அது நல்லது. எதைச் செய்தாலும் உள்பக்க மூலையில் ஒரு விரலகலம் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய். பட்டுத் தொங்கல், கம்பளி விரிப்பு இருந்தால் இதில் எதையும் நீயாகச் செய்யாதே, தெரிந்த சலவைக்காரரிடம் கொடு. பவானி ஜமுக்காளத்துக்குத் தடிப்பு அதிகம். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். முழுக்க நனைக்காமல் துடைத்தெடுத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வெயில் காட்டு.

9. பிளீச்சோடு வினிகரைக் கலக்காதே. கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலக்கவே கலக்காதே. கிளம்புவது குளோரின் வாயு. மூடிய அறையில் ஆளைச் சாய்த்துவிடும். வேலைக்கு வரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே இதைச் சொல். பிளீச்சை இவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதே.

10. பூசணம் செத்த பிறகும் கரும்புள்ளி நிற்கும். அந்தக் கறுப்பு பூஞ்சையின் சாயம், உயிர் போனாலும் சாயம் போகாது. அதைத் துரத்தித் துரத்தி மூன்று முறை நாலு முறை பிளீச் போட்டுத் துணியையே இழந்தவர்கள் உண்டு. இரண்டு முறைக்கு மேல் போடாதே. புள்ளி விழுந்த இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பார். இழை தாங்கினால் அந்தத் துணியைச் சமையல் கொட்டகை மறைப்புக்கு இறக்கு. பொடிந்தால் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப்போடு. மேல்துணியாகக் கட்டி, காற்றில் கிழிந்து கம்பி யார் தலையிலாவது விழும்படி விடாதே.

11. பிவிசி தார்ப்பாய்க்கு மென்மையான பிரஷ், டிடர்ஜென்ட் தண்ணீர், அவ்வளவுதான். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்காதே. மேல்பூச்சு போனால் பிசுபிசுக்கும், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், தூசியில் பூசணம் வரும்.

12. குடோன். தம்பி, நீ கடை முகப்புக்குச் செலவு செய்யும் பணத்தில் பாதியைக் குடோனுக்குச் செய். சிமெண்ட் தரை ஈரத்தை உறிஞ்சித் துணிக்கு ஏற்றும், ஆகையால் ஒரு முழ உயரத்துக்கு மரப்பலகை அடித்து அதன் மேல் வை. சுவரை ஒட்டி அடுக்காதே, ஒரு சாண் விடு. தகரக் கூரை என்றால் மார்கழி விடியலில் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்துத் துணியை நகர்த்து, முடிந்தால் கூரைக்கு அடியில் தெர்மோகோல் தட்டி அடி. எதிரெதிரே இரண்டு சன்னல் வேண்டும். ஒரு சன்னலைத் திறந்துவைத்தால் காற்று வரும் என்று எண்ணாதே, வெளியே போக வழியிருந்தால்தான் உள்ளே வரும். மழை பெய்யும் நாளில் இரண்டையும் மூடு, வெயில் வந்ததும் திற. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மானி கிடைக்கிறது. ஒன்று வாங்கி மாட்டு. 65-ஐத் தாண்டினால் மின்விசிறியைப் போடு.

பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். தூசி படாமலிருக்கச் செய்கிறார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே இருக்கும் சிறு ஈரமும் வெளியேற வழியின்றி அங்கேயே வெந்துகொண்டிருக்கும். பழைய பருத்திப் போர்வையால் மூடினால் தூசியும் படாது, துணி மூச்சும் விடும். மாதம் ஒருமுறை அடுக்கைப் பிரித்து அடித்துணியை மேலே கொண்டுவா. ஒவ்வொரு முறையும் அதே வரியில் மடிக்காதே.

13. பாச்சை உருண்டை, வசம்பு, வேப்பிலை எல்லாம் பூச்சிக்கு. பூசணத்தை அவை தடுக்காது. பச்சை வேப்பிலையைத் துணிக்குள் வைத்தால் அதன் ஈரமே கெடுதல். பெட்டிக்குள் வைக்கும் விலை கூடிய துணிக்கு, தொம்பை, சரிகைத் தொங்கல் போன்றவற்றுக்கு, சுட்ட, இன்னும் நீறாத சுண்ணாம்புக்கல் வை. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு ஏறக்குறைய 300 கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அகலமான மண்சட்டியில் பாதி அளவுக்குப் போட்டு, துணி படாமல் பெட்டியின் ஓரத்தில் வை. கல் பொடிந்து நீறானதும் மாற்று. தண்ணீர் சொட்டும் இடத்தில் மட்டும் வைக்காதே, சுண்ணாம்பு கொதித்துத் துணியைக் கருக்கிவிடும். குழந்தைகள் கை எட்டும் இடத்திலும் வேண்டாம்.

14. ஆடியை வீணாக்காதே. கல்யாணம் இல்லாத மாதம். அம்மன் கோயில் கூழ் வார்ப்புக்குச் சின்னப் பந்தல் மட்டும் போகும். காற்று காய்ந்து அடிக்கும். மழைக்காலத்துக்கு முன் கையிருப்பு மொத்தத்தையும் வெளியே எடுத்துப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒவ்வொரு துணிக்கும் ஒரு எண் போட்டு நோட்டில் எழுது: எப்போது துவைத்தது, எங்கே புள்ளி, எந்த ஓரம் பலவீனம். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மூன்று மணி நேர வெயில் போதும், பிறகு நிழல்காற்றில் விடு. நாள் முழுக்க உச்சி வெயிலில் கிடந்தால் சாயமும் தையல் நூலும் போய்விடும்.

துவைத்தபின் பருத்தித் துணி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினால் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. சோப்புக் கரைத்த மழைநீரில் முக்கிப் பிழி, பிறகு படிகாரம் கரைத்த தண்ணீரில் முக்கு, காயவை. இரண்டும் சேர்ந்து இழையில் மெழுகு போல ஒரு பூச்சு படியும், நீர் சொட்டாக உருண்டோடும். தார்ப்பாய் அளவுக்குத் தாங்காது, தூறலைத் தாங்கும். ஐரோப்பியக் கடலோரங்களில் பாய்மரத் துணி மக்காமலிருக்க, இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் போன காசுக்கட்டியைக் காய்ச்சி அதில் ஊறவைத்தார்கள். பாய் செம்பழுப்பாக மாறினாலும் பல ஆண்டு உழைத்தது. கல்யாண வீட்டில் செம்பழுப்பு விதானம் எடுபடாது. மண்டபத்துக்கு வெளியே போடும் சமையல் கொட்டகைத் துணிக்கு நீ முயன்று பார்க்கலாம்.

15. துக்க வீட்டுக்குப் பழைய துணி போதும் என்று ஒரு வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் வந்த வழக்கம். எனக்கு அதில் கடுகளவும் சம்மதமில்லை. கல்யாண வீட்டில் வாடை அடித்தால் மாமனார் கூப்பிட்டுத் திட்டுவார், நீ மாற்றிக் கொடுப்பாய். துக்க வீட்டில் வயதானவர்கள் இரவு முழுக்க அந்தத் துணியின் கீழே உட்கார்ந்து அந்தக் காற்றையே மூச்சில் இழுப்பார்கள். வாய் திறக்கமாட்டார்கள். ஆகையால் ஒரு மேல்துணி, நாலு பக்கத்துணி, ஒரு ஜமுக்காளம், கயிறு ஆகியவற்றை முழுக்க உலர்ந்த நிலையில் தனியாக எடுத்து, குடோன் வாசலுக்குப் பக்கத்துப் பலகையில் வை. வேறு எந்த வாடகைக்கும் அதை எடுக்காதே. கார்த்திகை மழையில் நள்ளிரவு இரண்டு மணிக்குப் போன் வரும், அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. திரும்பி வந்ததும் முதலில் உலர்த்த வேண்டியதும் அதுதான், ஏனென்றால் அடுத்த போன் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.